தூரம் ஒன்று, நேரம் பல

பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டை ஒன்றும் ஒரு முழம் தையல் நூலும் கையிலிருந்தால், ஆகாய விமானிகளின் முதற் பாடத்தை வீட்டு விறாந்தையிலிருந்தே படித்துவிடலாம். நூலின் ஒரு தலைப்பை அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பேர்த் நகரில் வையுங்கள்; மறு தலைப்பை இலண்டனில் வைத்து, நூல் எங்கும் தொய்யாதபடி இழுத்துப் பிடியுங்கள். இப்பொழுது நூல் செல்லும் வழியைக் கண்ணாற் பின்தொடருங்கள். அஃது இந்து சமுத்திரத்தை வடமேற்காகக் குறுக்கறுத்து வந்து, வேறெங்குமன்றி, நமது இலங்கைத் தீவின் தென்கீழ்க் கரையில் ஏறுகின்றது. தீவைக் கடந்து புத்தளம் பக்கமாக மேலைக் கடலில் இறங்குகின்றது. அப்பால் தமிழ்நாட்டின் தென்பகுதி, மங்களூர்க் கரையோரம், அரபிக்கடல், பலுச்சிஸ்தானம், ஈரான், காக்கேசிய மலைகள், கருங்கடல், உக்ரேன் ஆகியவற்றின் மேலாகச் சென்று இலண்டனை அடைகின்றது.

இதனைக் கண்டு வியக்காத மாணாக்கரை நாம் இதுவரை கண்டதில்லை. ஏனெனில், வகுப்பறைச் சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அதே இரு நகரங்களையும் அடிமட்டத்தாற் கோடிட்டு இணைத்தால், அக்கோடு நமது தீவுக்கு ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் தெற்கே, வெறுங்கடலில் ஓடும். உருண்டையைத் தட்டையாக விரிக்கும்போது வழிகள் திரிந்துவிடுகின்றன. படத்தில் நேராகத் தோன்றுவது உண்மையிற் சுற்றுவழி. படத்தில் வில்லாக வளைவதே உண்மையிற் குறுக்குவழி. உருண்டைமேல் இழுத்துப் பிடித்த நூலின் வழியைக் கணித நூலார் பெருவட்டம் என்பர்.

பேர்த்துக்கும் இலண்டனுக்கும் இடையே இப்பெருவட்ட வழியின் தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீற்றர். இடையே கட்டுநாயக்காவில் இறங்கிச் சென்றாலும் இத்தூரம் சில கிலோமீற்றரே கூடும். இலங்கை அந்த வழியின் ஓரத்திலன்று, அந்த வழியிலேயே கிடக்கின்றது. இவ்வுண்மை வெறும் புத்தகக் கணக்கன்று என்பதை யுத்த காலத்தில் ஒரு சிறு குழுவினர் உயிரைப் பணயம் வைத்துக் காட்டினர்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அதுவரை அவுஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்திருந்த ஆகாய மார்க்கம் சிங்கப்பூர் வழியாகவே சென்றது. அது ஒரே நாளில் அறுந்தது. பாதை அறுந்ததேயன்றித் தேவை அறவில்லை. அரசாங்கக் கடிதங்களும் அதிகாரிகளும் எவ்வாறேனும் போய்வர வேண்டியிருந்தது. எஞ்சியிருந்த வழி ஒன்றே: பேர்த்திலிருந்து சமுத்திரத்தை ஒரே மூச்சிற் கடந்து இலங்கையை அடைதல். 1943ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் குவாண்டஸ் கம்பெனியார் இச்சேவையைத் தொடங்கினர். புறப்படுமிடம் பேர்த் நகரின் சுவான் ஆற்றிலுள்ள நெட்லண்ஸ் துறை. சேருமிடம் காலிக்குத் தென்கிழக்கே கொக்கலை ஏரி. விமானங்கள் கற்றலினா என்னும் பறக்கும் படகுகள். அவற்றுக்கு ஓடுபாதை வேண்டியதில்லை. அகன்ற, அமைதியான நீர்ப்பரப்பே போதும்.

கொக்கலை அதற்கு முன்னரே பெயர் பெற்றுவிட்டது என்பதை இங்கே இடையிற் சொல்லிவைப்போம். 1942 ஏப்பிரில் 4ஆந் திகதி அவ்வேரியிலிருந்து எழுந்த ஒரு கற்றலினாவிற் சென்ற கனேடிய விமானி லெனாட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைத் தெற்கே கண்டு தந்தி கொடுத்தார். கொடுத்துக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாட் காலை கொழும்பிற் குண்டுகள் விழுந்தன. ஆயினும் நகர் விழித்திருந்தது. சரித்திரப் பாடத்தில் இரண்டு வரிக்கு மேல் அவருக்கு இடமளிக்கலாம் என்பது எமது அபிப்பிராயம்.

நெட்லண்ஸிலிருந்து கொக்கலைக்குத் தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெற் விமானம் இதனை ஏழு மணித்தியாலத்திற் கடக்கும். கற்றலினாவுக்குச் சராசரி 28 மணித்தியாலம் பிடித்தது. எதிர்காற்று மிகுந்த ஒரு பறப்பு 32 மணித்தியாலமும் 9 நிமிடமும் நீடித்தது. வாசகர்கள் வகுத்துப் பார்க்கலாம்: சராசரிப் பறப்பில் மணிக்கு இருநூறு கிலோமீற்றர், அந்த நீண்ட பறப்பில் மணிக்கு நூற்றெழுபத்தைந்துக்குச் சற்று மேல். விமானம் ஒன்றே, தூரமும் ஒன்றே. காற்று மாத்திரம் வேறு.

எரிபொருளின் பாரத்தால் மூன்று பிரயாணிகளுக்கும் எழுபது கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த தபாலுக்குமே இடமிருந்தது. யப்பானியரின் காவற் பரப்பை இருளிற் கடக்கும்படி புறப்படும் வேளை குறிக்கப்பட்டது. பகைவர் செவியிற் படாதிருக்க வானொலியும் பெரும்பாலும் மௌனமாக இருந்தது. ஆகவே வழிகாட்ட எஞ்சியவை நட்சத்திரங்களே. திசையில் ஒரு பாகை பிழைத்தால், பயணத்தின் முடிவில் எண்பது கிலோமீற்றருக்கு மேல் விலகிப்போகும். இருட்டிற் கருவியை ஏந்தி நட்சத்திரத்தின் உயரத்தை அளந்து, மடியில் வைத்த அட்டவணையைப் பார்த்துக் கூட்டிக் கழித்து, அந்தக் கணக்கை நம்பி ஒரு சிறு தீவைத் தேடிச் சென்றனர். அவ்வாறு சென்ற ஐந்து படகுகளுக்கும் வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயர்களையே இட்டிருந்தனர்: அல்தயர், வேகா, ரைஜல், அன்ராறெஸ், ஸ்பைகா. இவற்றுள் ஸ்பைகா நமது சித்திரை. அன்ராறெஸ் நமது கேட்டை. அல்தயர் நமது திருவோணம். பஞ்சாங்கம் பார்க்கும் வீட்டாருக்கு இவை அந்நியப் பெயர்கள் அல்ல.

ஒரே பறப்பிற் பிரயாணிகள் சூரியன் உதிப்பதை இருமுறை கண்டனர். அதனால் அச்சேவைக்கு இரட்டைச் சூரியோதயம் என்னும் பெயர் நிலைத்தது. பயணம் முடித்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்’ என்னும் பெயரில் ஒரு பத்திரமும் வழங்கப்பட்டது. கொக்கலையிலிருந்து கராச்சிக்கும், அங்கிருந்து வேறு விமானங்களில் இலண்டனுக்கும் சென்றனர். அஃதாவது, நாம் உருண்டையில் இழுத்துப் பிடித்த நூலை ஏறத்தாழ ஒட்டியே சென்றனர். 1945ஆம் ஆண்டு யூலையிற் சேவை முடியும்வரை 271 முறை சமுத்திரத்தைக் கடந்தார்கள். ஒரு விமானமும் அழியவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. யுத்தம் முடிந்தபின், அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தின்படி அந்தப் படகுகள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஒன்றையேனும் கொக்கலைக் கரையில் ஏற்றி வைத்திருக்கலாமே என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

பிற்பட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1947 டிசம்பரிற் சிட்னியிலிருந்து இலண்டனுக்குத் தொடங்கிய குவாண்டஸ் சேவைக்கு ஆறு தரிப்புகளும் நான்கு நாட்களும் வேண்டியிருந்தன. ஜெற் விமானம் வந்து நாட்களை மணித்தியாலங்களாக்கியது. 2018 மார்ச்சிற் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு எங்கும் இறங்காத சேவை தொடங்கிற்று. அதற்குக் குறித்த நேரம் ஏறத்தாழ 17 மணித்தியாலமும் 20 நிமிடமும். கொக்கலைப் படகு சமுத்திரத்தின் நடுவிற் சற்று அப்பாற் சென்றிருக்கக்கூடிய நேரத்தில், இவ்விமானம் பூமியின் சுற்றளவில் மூன்றிலொரு பங்குக்கு மேற் கடந்துவிடுகின்றது.

இங்கே கணக்கிற் கெட்டிக்காரரான மாணாக்கர் ஒரு வினாவை எழுப்புவர். விமானத்தின் வேகம் மணிக்குத் தொளாயிரம் கிலோமீற்றர் என்றால், 14,500 கிலோமீற்றருக்குப் பதினாறு மணித்தியாலம் போதுமே. மிகுதி ஒன்றேகால் மணித்தியாலம் எங்கே போயிற்று? தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடையும் நேரமும், ஏறி இறங்குகையில் வேகம் குன்றும் நேரமும் அதில் ஒரு சிறு பங்கு. விமானம் நூலின் வழியே அச்சொட்டாகச் செல்லுவதுமில்லை. பெரும்பங்கு காற்றின் கணக்கு. தொளாயிரம் என்பது விமானம் காற்றினூடே செல்லும் வேகம். அந்தக் காற்றே எதிர்த்து நகருமாயின், நிலத்தின்மேல் அதன் வேகம் அந்த அளவுக்குக் குறையும்.

இன்னொரு வினாவும் ஆண்டுதோறும் வரும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கின்றது. பூமத்தியரேகையில் அச்சுழற்சியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீற்றர். அப்படியானால் மேற்கே செல்லும் விமானத்தை நோக்கி இலண்டன் தானே ஓடிவர வேண்டாமா? விடை எளிது. யாழ்தேவி ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்டிக்குள் ஒருவர் முன்னோக்கி நடந்தாலும் பின்னோக்கி நடந்தாலும், பெட்டியின் மறுமுனையை அடைய ஒரே நேரந்தான் செல்லும். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கின்றது. விமானம் அக்காற்றில் நீந்துகின்றது. சுழற்சியால் நேரடி இலாபமுமில்லை, நட்டமுமில்லை.

எனினும் மேற்கே செல்லுவதற்கும் கிழக்கே வருவதற்கும் நேரம் வேறுபடுவது உண்மை. தரையிலிருந்து பத்துக் கிலோமீற்றர் உயரமளவில், நடு அகலக்கோடுகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெருங்காற்றோட்டம் ஆறு போலப் பாய்கின்றது. அதன் வேகம் சில வேளைகளில் மணிக்கு இருநூறு கிலோமீற்றரையும் தாண்டும். 1920களில் யப்பானிய விஞ்ஞானி வசபுரோ ஓயிசி பலூன்களை விட்டு இதனை அளந்து கண்டார். உலகத்தார் அனைவரும் படிக்கவேண்டும் என்னும் நல்லெண்ணத்தால் தமது முடிவுகளை எஸ்பெராந்தோ என்னும் பொதுமொழியில் வெளியிட்டார். அதனாலேயே உலகத்தார் பெரும்பாலும் படிக்கவில்லை! இலண்டனிலிருந்து பேர்த்துக்கு வரும் விமானத்தை இக்காற்று முதுகிலே தள்ளுகின்றது. அதனால் வரும் பயணம் போகும் பயணத்திலும் குறுகியது.

இந்த வேறுபாடு அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் என்று அற்பமாகத் தோன்றலாம். அஃது அற்பமன்று என்பது 2024 ஓகஸ்டில் வெளிப்பட்டது. மத்திய கிழக்கிற் போர் அபாயம் மூண்டபோது குவாண்டஸ் விமானங்கள் ஈரானின் ஆகாயத்தை விட்டு விலகிச் செல்ல நேர்ந்தது. வழி நீண்டது. பேர்த்திலிருந்து இலண்டன் செல்லும் விமானம் அந்த நீண்ட வழியை எதிர்காற்றோடு கடக்க எரிபொருள் போதாது என்று கண்டு, சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிச் செல்லத் தொடங்கிற்று. ஆனால் இலண்டனிலிருந்து பேர்த்துக்கு வரும் விமானமோ, பின்காற்றின் உதவியால் முன்போலவே எங்கும் இறங்காமல் வந்தது. இரு நகரங்களும் அவைதாம், விமானமும் அதுதான். ஒரு திசையில் ஒரே மூச்சு. மறு திசையில் இரண்டு மூச்சு. 1942இல் மனிதர் சண்டையிற் சிங்கப்பூர் மூடப்பட்டதால் இலங்கை வழி திறந்தது. எண்பத்திரண்டு ஆண்டுகளின் பின் மனிதர் சண்டையால் மீண்டும் சிங்கப்பூர் வழிக்கே திரும்பவேண்டி வந்தது.

நமது நூலை மறுபடியும் நோக்குங்கள். ஈரானைத் தாண்டிக் கருங்கடலின் அப்பால் அது தொடும் உக்ரேனின் ஆகாயம் 2022 பெப்ரவரியிற் பிரயாணி விமானங்களுக்கு மூடப்பட்டது. அதனையடுத்து உருசியாவும் ஐரோப்பிய விமானங்களுக்குத் தன் வானத்தை அடைத்தது. பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து தோக்கியோவுக்கு அதுவரை ஒன்பதரை மணித்தியாலமளவே பிடித்தது. பின்னர் பதின்மூன்று மணித்தியாலம் வேண்டியதாயிற்று. சில பறப்புகள் வட துருவத்தின் மேலாகச் சென்றன. துருவத்தைக் கடந்தவர்களுக்குப் பத்திரமும் கொடுத்தார்களாம். பத்திரம் கொடுப்பது அழகுதான். ஆனால் அழகான பத்திரங்கள் பலவற்றின் பின்னே மூடிய கதவு ஒன்று இருக்கின்றது.

இனி, கடிகாரத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நமது குடும்பங்களுக்கு மிகவும் பயன்படுவது இப்பகுதியே. விமானச் சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் யாவும் அவ்வவ்வூர் நேரங்கள். ஒரு விமானம் மாரிகாலத்திற் பேர்த்தை மாலை 6.45க்கு விட்டு 17 மணி 20 நிமிடம் பறந்தால், இலண்டன் கடிகாரத்தில் அது வந்துசேர்வது மறுநாள் விடியற்காலை 4.05க்கு. சீட்டை மாத்திரம் பார்ப்பவர், ஒன்பது மணித்தியாலமும் இருபது நிமிடமுந்தான் பயணம் என்று எண்ணுவர். திரும்பி வருகையில் இலண்டனை முற்பகல் 11.50க்கு விட்டு 16 மணி 45 நிமிடம் பறந்தால், பேர்த்திற் சேர்வது மறுநாட் பிற்பகல் 12.35க்கு, சீட்டின்படி 24 மணி 45 நிமிடம்!

நேர வித்தியாசம் நினைவிலில்லாதவருக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. போகும் சீட்டின் வித்தியாசத்தையும் வரும் சீட்டின் வித்தியாசத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். மேற்சொன்ன இரண்டையும் கூட்டினால் 34 மணி 5 நிமிடம். பாதி 17 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அதுவே ஒருவழிப் பறப்பின் சராசரி நேரம். ஊர்களின் நேர வித்தியாசம் ஒரு திசையிற் கூடியும் மறு திசையிற் குறைந்தும் தானே கழிந்துவிடும்.

இலண்டனுக்கும் கட்டுநாயக்காவுக்கும் இதனைப் பொருத்திப் பார்ப்போம். தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். மாரிகாலத்தில் இலண்டனை இரவு 8.30க்கு விட்ட விமானம் பத்தரை மணித்தியாலம் பறந்தால், இங்கே பிற்பகல் 12.30க்கு இறங்கும். சீட்டிற் பதினாறு மணித்தியாலம் என்று தோன்றும். கோடையில் இலண்டன் கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பர். அப்போது ஐந்தரை மணி வித்தியாசம் நாலரையாகும்.

இக்கணக்கு வீணான கணக்கன்று. கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பிய நமது ஊர்களில் ஒரு வீட்டிற் சாவு நேர்ந்தால், பெரியவர் முதலிற் கேட்பது, “மூத்தவன் எப்ப வந்து சேருவான்?” என்பதுதான். கொள்ளி வைக்கவேண்டியவன் அவன். சீட்டின் நேரத்தைத் தொலைபேசியிற் கேட்டு, இந்நாட்டு நேரமென்று எண்ணி மேலும் ஐந்தரை மணியைக் கூட்டுவோரும், இலண்டன் நேரமென்று எண்ணிக் கழிப்போரும் முற்றத்திலே நின்று வாதாடுவதை எத்தனையோ வீடுகளிற் கண்டிருக்கின்றோம். மரண அறிவித்தலில் தகன நேரத்தைக் குறித்துவிட்டால் ஊர் திரண்டுவிடும், குருக்களும் வந்துவிடுவார், மகனோ இன்னும் ஆகாயத்தில் இருப்பான். தாயின் முகத்தைக் கடைசியாகக் காணாத அக்குறை அவனுக்கு வாழ்நாள் முழுதும் ஆறுவதில்லை.

இறங்கும் நேரம் சீட்டிற் குறித்தபடியே இந்நாட்டு நேரம். அதிற் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். ஆனால் வளைகுடா நகரங்களில் மாறி வருபவராயின், அந்த விமானம் உண்மையாகவே புறப்பட்டதா என்பதை விசாரித்தல் அவசியம். 2025 யூன் 23ஆந் திகதி கட்டார் தேசம் தன் ஆகாயத்தைச் சில மணித்தியாலம் மூடியபோது, டோகா வழியாக வந்த எண்ணற்ற பிரயாணிகள் நடுவழியில் வேறு திசைகளுக்குத் திருப்பப்பட்டனர். சுங்கமும் பெட்டிகளும் ஒரு மணித்தியாலத்தை எடுத்துக்கொள்ளும். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியே மேலும் ஏழெட்டு மணித்தியாலம். பிற்பகல் 12.30க்கு இறங்குபவர் வீட்டு வாசலில் வந்து நிற்க இரவு ஒன்பதரை, பத்தாகிவிடும். தகனம் மறுநாட் காலையில் என்று அறிவித்துவிட்டுக் காத்திருக்கலாம்.